தவிட்டுச் சந்தைக்குப் போன என் மகள்

மதுரை அங்கயற்கண்ணி மீனாட்சியை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் ராஜலட்சுமியின் வணக்கம். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிடுகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் பேச்சு வரவில்லையா என்று கூட்டத்தில் கேலி செய்கிறார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

1984, ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகள் காணாமல் போனாள்.

மகள் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் வேறு நாட்டுப் பிள்ளை. பெயர் வதனி, வயது ஆறு. இலங்கையில் வீடு எரிந்து, பெற்றவர்கள் இருவரும் போய், பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவள். எங்கள் வீட்டில் இருக்கத் தற்காலிக அனுமதிதான் கொடுத்திருந்தார்கள்.

அவள் எங்களிடம் வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. அவர் முனிசிபல் பள்ளியில் வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்கு வருவார். நாங்கள் போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்பார்களே, அந்தப் பைத்தியக்காரி நான்தான். வளைகாப்பு வீடுகளில் என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் வளையல் தட்டை மட்டும் என் கையில் கொடுக்க மாட்டார்கள். பாயசம் குடித்துவிட்டு வந்து வீட்டில் அழுவேன்.

எண்பத்து மூன்று தீபாவளிக்கு எங்கள் ஆபீஸில் துணி சேர்த்து, வாடிப்பட்டிப் பக்கம் இருந்த அகதி முகாமுக்குக் கொண்டு போனோம். பிள்ளைகள் எல்லாம் கவுனுக்கும் சட்டைக்கும் முண்டியடித்தன. ஒரு குட்டிப் பெண் மட்டும் துணியைப் பார்க்காமல் என் பின்னாலேயே வந்தாள். என்னடா இது என்று குனிந்து கேட்டேன். என் காதில் ரகசியமாகச் சொன்னாள்.

“உங்கட சீலை பின்னால கிழிஞ்சு கிடக்கு. நான் பின்னால நிக்கிறன், நீங்கள் நடவுங்கோ.”

லாரியில் ஆணி பட்டுக் கிழிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆம்பிளைகள் நடுவில், அந்தப் பிள்ளை நான் போகிற இடமெல்லாம் என் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்து மானத்தைக் காப்பாற்றியது. அவளுக்கு என்று எடுத்து வைத்த கவுனைக்கூட நான்தான் நினைவுபடுத்திக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம், நான் என் பிள்ளையைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மறு வாரமே என்னோடு முகாமுக்கு வந்தார். அவருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு நாங்கள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இந்த நாட்டுப் பிள்ளை என்றாலே தத்துக் கொடுக்க நூறு கேள்வி கேட்பார்கள், இது வேறு நாட்டுப் பிரஜை, எந்தச் சட்டத்தில் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். பிள்ளை கடலில் போகிற படகு இல்லையே, எந்தக் கொடி என்று பார்த்துக் கரையில் விட என்று நான் பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். உறவுக்காரர்கள் ஒரு பக்கம். என்ன குலம், என்ன கோத்திரம், யார் பெற்றது என்று ஒரே பேச்சு. அவளுக்கு முன்னால் பேசாதீர்கள், என்னிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறு வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் வதனி எங்கள் சிம்மக்கல் வீட்டுக்கு வந்தாள். அனுமதி கொடுத்த அதிகாரி நல்ல மனிதர். ஆனால் ஒன்று சொல்லித்தான் அனுப்பினார். கொஞ்ச காலம் உங்களிடம் இருக்கட்டும், பிறகு பிள்ளையிடமே கேட்போம். உங்கள் வீட்டில் இருக்க அவளுக்கு இஷ்டம் என்றால் மேற்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார்.

எனக்கு அன்றிலிருந்து அதே பயம்தான். ஏனென்றால் அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. ‘மாமி’ என்றாள். இவரை ‘மாமா’ என்றாள். பரமேஸ்வரி அக்காவையும் மாமி என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் ஊர் வழக்கம் அப்படி. நான் தலை பின்னிவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சோறு போட்டால் தட்டைக் கழுவி வைப்பாள். விருந்தாளிப் பிள்ளை மாதிரி அம்புட்டு மரியாதை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. ஒரு தடவையாவது அடம்பிடிக்க மாட்டாளா, ஒரு டம்ளரை உடைக்க மாட்டாளா என்று ஏங்கினேன்.

பள்ளியில் சேர்க்க இன்னும் அனுமதி வரவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் கோமதி எழுமலையிலிருந்து வந்திருந்தாள். கோமதி வாய் திறந்தால் தெருமுனை வரை கேட்கும், மனசு வெல்லம். வதனியை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். ஆறு வயதுப் பிள்ளையை ஏன் தூக்குகிறாய் என்றால், இத்தனை வருஷம் தூக்காததைச் சேர்த்துத் தூக்குகிறேன் என்பாள்.

அந்த ஆடி வெள்ளி. நான் டிரங்க் கால் இணைக்கிற போர்டில் இருந்தேன். கோமதி தெருமுனைக் கடையிலிருந்து போன் செய்தாள்.

“மதினி, புள்ளயக் காணோம். கொடியில துணி காயப்போட்டுட்டு வாரேன், வாசல்ல செருப்பு இல்ல. சிம்மக்கல் பூராம் தேடிட்டேன்.”

ஹெட்போனைக் கழற்றி வைத்தேனா, இழுத்துப் போட்டேனா, நினைவில்லை. வீட்டுக்காரர் பள்ளியிலிருந்து ஓடிவந்தார். வைகைக் கரையில் தேடினோம், பஸ் நிற்கிற இடங்களில் தேடினோம். எதிர்வீட்டுக்காரர்களும் சைக்கிளில் நாலு பக்கமும் போனார்கள். யாருக்கும் தட்டுப்படவில்லை.

“முகாமுக்குத்தான் போயிருப்பா, ராஜி,” என்றார் என் வீட்டுக்காரர். “அவளுக்கு நம்ம வீட்டுல இருக்க மனசில்ல. நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்.”

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் நடுரோட்டில் நின்றேன். பிள்ளையே பதில் சொல்லிவிட்டாள், இனி எந்த அதிகாரி கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் அதுவும் மறந்துபோனது. மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளம் நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் அதைக் காட்டினேன், தன் ஊர்க் குளம் மாதிரி இருக்கிறது என்று படியில் இறங்கி இறங்கிப் பார்த்தாள். கோயிலுக்கு ஓடினேன்.

ஆடி வெள்ளிக் கூட்டம் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். பச்சைக் கவுன் போட்ட பிள்ளை, பச்சைக் கவுன் போட்ட பிள்ளை என்று எல்லாரையும் கேட்டேன். இல்லை என்றார்கள். குளத்தில் இல்லை என்பதே ஒரு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்படியே அம்மன் சந்நிதிக்குள் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

நான் அங்கே கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். அம்மா, நீ மட்டும் யாருக்குப் பிறந்தாய்? உன் தாய் காஞ்சனமாலை என்னைப் போல மலடி என்று பேர் வாங்கியவள்தானே. அவளுக்கு நீ யாகத் தீக்குள்ளிருந்து மூன்று வயதுப் பிள்ளையாக எழுந்து வரவில்லையா? வதனியும் எரிகிற ஊரிலிருந்து எழுந்து வந்த பிள்ளைதான். காட்டிவிட்டு ஏன் பிடுங்குகிறாய்? இப்படியெல்லாம் வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் விலகி நின்றார்கள்.

தீபாராதனை காட்டினார்கள். அம்மன் முகத்தைப் பார்த்தேன். சண்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் இத்தனை மாதமாக, பிள்ளையை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. தாயே, எனக்கு இல்லாவிட்டாலும் போகிறது. அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அவளுக்கு எங்கே இருக்க ஆசையோ, அங்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. இதைத்தான் கேட்டேன். கேட்டதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்போது நடந்ததைக் கவனியுங்கள். எங்கள் வீடு கோயிலுக்கு வடக்கே. கல்யாணமான நாளிலிருந்து நான் கோயிலின் தெற்குக் கோபுர வாசல் வழியாக வெளியே போனதே கிடையாது, எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. அன்று கூட்டம் என்னை நெருக்கித் தள்ளித் தள்ளி, செருப்பைக்கூட மறந்து, தெற்குக் கோபுரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு அம்மா மல்லிகைப்பூ விற்றுக்கொண்டிருந்தார். வந்த வாக்கில் அவரிடமும் பச்சைக் கவுன் பிள்ளையைக் கேட்டேன்.

“சிலோன் ரேடியோவுல பேசுற மாதிரி பேசுச்சே, அந்தப் புள்ளயா?” என்றார் அவர். “தவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டுச்சு. அந்தப் பேச்ச இன்னொருவாட்டி கேக்கணும்னே ரெண்டுவாட்டி வழி சொன்னேன். ஆரு புள்ள அது?”

என் பிள்ளை என்றேன். அந்த அம்மாவின் தலைக்கு மேலே கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன். தவிட்டுச் சந்தையில் இவளுக்கு என்ன வேலை என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. ஆடி மாதத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு, அவிழ்ந்த கொண்டையோடு, நாற்பது வயதுப் பொம்பிளை ஓடினால் எப்படி இருக்கும்? மதுரையே நின்று பார்த்தது, பார்க்கட்டும் என்று ஓடினேன்.

ஊரின் தெற்கு வாசல் பகுதிக்குப் போய், அங்கங்கே கேட்டு, தவிடும் புண்ணாக்கும் விற்கிற ஒரு கடை வாசலுக்கு வந்தேன். உள்ளே ஒரு மூட்டைமேல் வதனி உட்கார்ந்திருந்தாள். காலை ஆட்டிக்கொண்டு கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். கவுனெல்லாம் தவிடு. என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம் திரும்பி, சர்வ சாதாரணமாக, “அம்மா வந்திட்டா,” என்றாள். அம்மாவாம். யார்? நான்.

கடைக்காரர் மீசையெல்லாம் தவிடு படிந்த பெரிய ஆள். அவருக்குத்தான் என்னைவிட அதிகமாக வேர்த்திருந்தது.

“யம்மா, நீங்கதானா? இந்தப் புள்ள வந்து, ஐயா, இஞ்ச பிள்ளையள் விக்கிறது எந்தக் கடைன்னு கேட்டுச்சு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. போலீசுக்கு ஆளனுப்பிட்டு, மிட்டாயக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். அது எங்கிட்ட ஒரு சத்தியம் வேற வாங்கிருச்சு.”

என்ன சத்தியம் என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வதனியே சொன்னாள்.

“கோமதி அத்தை வந்து தவிட்டைத் திருப்பிக் கேட்டா குடுக்கக் கூடாதெண்டு சொன்னனான். குடுத்தா என்னை விட்டிட்டுப் போயிடுவா. நான் உங்களோடதான் இருக்கப் போறன்.”

இதைப் படிக்கிற மதுரைக்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று பெரியவர்கள் சொல்லிச் சீண்டாத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? காலையில் இட்லி தின்ன மாட்டேன் என்று வதனி முதல் முதலாக அடம்பிடித்திருக்கிறாள். கோமதிக்கு ஒரே சந்தோஷம். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற மாதிரி இவளிடமும் சொல்லியிருக்கிறாள். உன்னைத் தவிட்டுச் சந்தையில் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினோம், சேட்டை பண்ணினால் உன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று. இங்கே பிறந்த பிள்ளை அதைக் கேட்டால் சிணுங்கும், சிரிக்கும். கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு அது கேலி என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏற்கனவே ஒரு வீட்டை இழந்தவள், இந்த வீட்டையும் இழக்கக்கூடாது என்று, கோமதி துணி காயப்போடுகிற நேரம் பார்த்துத் தானே வழக்குப் பேசக் கிளம்பிவிட்டாள்.

எங்களை விட்டு ஓடிவிட்டாள் என்றல்லவா நாங்கள் அழுதோம். அவள் எங்களோடு இருப்பதற்காக ஊரைக் கடந்து போயிருக்கிறாள். அவள் ஆசைப்பட்ட இடத்தில் சேர்த்துவிடு என்று நான் கேட்டேன். அவள் ஆசைப்பட்ட இடம் என் வீடு. மீனாட்சி என்ன கணக்குப் போட்டாள் பாருங்கள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் போலீசுக்குப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிட ஒருவரை ஓட்டினார். ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார், வாடகையையும் அவரே கொடுத்துவிட்டார். வீட்டு வாசலில் கோமதி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே சொன்னாள்.

“அடி என் தங்கமே, மதுரையில எல்லாரையும் அங்கதான்டி வாங்குனது. என்னயவும் அங்கதான் வாங்குனாக, உங்க அப்பாவயும் அங்கதான் வாங்குனாக. ஆரையும் திருப்பி எடுக்க மாட்டாக.”

வதனி கொஞ்சம் யோசித்தாள். அப்பாவுக்கு எவ்வளவு தவிடு கொடுத்தார்கள் என்று கேட்டாள். கோமதி அழுகையோடு சிரிக்க, நானும் சிரிக்க, தெருவே சிரித்தது. பொழுது சாயும்போது அவள் அப்பா வந்தார். முகாமில் இல்லை என்று உடைந்துபோய், பரமேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவருகே நின்று, நெய்ச் சோறு தின்றுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் காரியங்கள் ஓடின ஓட்டத்தை என்ன சொல்ல. அதிகாரி வந்து கேட்டார், ஓம் ஓம் என்று அவள் ஊர் வழக்கில் ஆமாம் சொல்லி நாலு தடவை தலையாட்டினாள். கோர்ட்டில் பரமேஸ்வரி அக்கா அவளைத் தத்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. எந்த நாடு என்று கேட்டு மல்லுக்கு நின்றவர்களே கையெழுத்துப் போட்டார்கள். எண்பத்தைந்து தை மாதம், எங்கள் வீட்டுக் கூடத்தில் தத்து ஹோமம் வைத்தோம். குலம் கோத்திரம் கேட்ட சொந்தக்காரர்களும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பூக்கார அம்மா வந்தார். தவிட்டுக் கடைக்காரரும் வெள்ளை வேட்டியில் வந்தார், தவிடு இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அக்னிக்கு ஒரு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் பரமேஸ்வரி அக்கா, வதனியின் கையைப் பிடித்தபடி இருந்தார். பிள்ளையைக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றார் சாஸ்திரிகள். அக்கா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவளும் அவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். அவளுக்குப் பதிலாக நின்று கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவரைப் பேச விடவில்லை. சாஸ்திரிகள் மறுபடியும் சொன்னார். அக்கா தேம்பினார், கையை விட முடியவில்லை. தாயாக நின்ற அக்காவிடமிருந்து நான் எப்படி வாங்கிக்கொள்வேன் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வதனி நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பாவாடை நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அழாதேங்கோ மாமி. நீங்கள் குடுக்க வேண்டாம். நானே போறன்.”

சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள். பட்டுப்பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்னியைச் சுற்றி நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்தாள். நல்ல கனம். சாஸ்திரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. டம்ளர்களை உடைக்கிறாள், அப்பாவிடமே கணக்கில் சண்டை போடுகிறாள். பரமேஸ்வரி அக்காவும் அவர் பிள்ளைகளும் எங்களுக்குச் சொந்தமாகிவிட்டார்கள், நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் ஒன்றாகத்தான். வளையல் தட்டை யார் கையில் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவே எனக்கு நேரம் இருப்பதில்லை.

பிள்ளைக்காகவோ வேறு எதற்காகவோ அழுதுகொண்டிருக்கும் என் சகோதரிகளே, அம்மனிடம் உரிமையோடு சண்டை போடுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். சண்டை முடிந்ததும் பிடிவாதத்தை அவள் காலடியில் போட்டுவிடுங்கள். எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும். அவள் தருகிற பிள்ளை நாம் பார்க்காத கரையிலிருந்துகூட நடந்து வரலாம். நீங்கள் மடியை மட்டும் காலியாக வைத்திருங்கள்.